ஏழாம் நம்பர் சாவி

டங். டங். டங்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. எவர்சில்வர் டம்ளரின் அடியால் சுவரைத் தட்டும் சத்தம். லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில், காய்ச்சலில் அனலாய்க் கிடந்த சாவியக்கா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவி, தன் டம்ளரை எடுத்துச் சுவரில் ஒரு தட்டு தட்டினாள்.

"அப்பாடா, இருக்கியா! பதில் வரலன்னதும் உன் சாவிக்கொத்து யாருக்குன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்" என்றது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல்.

"உனக்குக் கிடையாது" என்று முனகினாள் சாவியக்கா. "ஏழாம் நம்பர் பூட்டையே உனக்குத் திறக்கத் தெரியல."

"அது பூட்டோட கோளாறு. நல்லவங்க கைக்கு அது திறக்காது."

நெஞ்சு வலிக்க வலிக்கச் சிரித்தாள் சாவியக்கா. சிரிப்பு இருமலாகி, இருமல் அவளைச் சுருட்டிப் போட்டது. அந்தப் பக்கம் குரல் சட்டென்று மாறியது.

"வெந்நி வாசல்ல வெச்சிருக்கேன். நான் தள்ளிப் போனதும் கதவத் திறந்து எடுத்துக்கோ. குடிச்சே ஆகணும். குடிச்சாத்தான் செய்தி."

அவள் குடித்தாள். டம்ளரைத் தட்டிக் காட்டினாள். அப்பால் தொண்டை கனைக்கும் சத்தம் கேட்டது.

"செய்திகள். வாசிப்பது உங்கள் அன்பு ரேடியோ. மூன்றாம் எண் அறையில் தங்கியிருக்கும் பெயின்டர் காலை முதல் தேடிவந்த பல்செட் கண்டுபிடிக்கப்பட்டது. அது அவர் வாயிலேயே இருந்தது. சாவியக்காவின் உடல்நிலை தேறிவருவதாக வெந்நீர் வட்டாரங்கள் தெரிவிக்கின்றன."

தேறிவருகிறது என்று அந்த நேரத்தில் சொன்ன ஒரே ஆள் அவள்தான். கூட வேலை பார்த்த இரண்டு பெண்களும் சாவியக்காவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்த அன்றே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். முதலாளி போனில் "தைரியமா இரும்மா" என்றதோடு சரி. தெருவில் படுத்துக் கிடந்தவள் என்று ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போன ரேடியோதான், தன் ஏழாம் நம்பர் அறையை விட்டு இறங்கி வந்து, படுக்கை விரிப்புகள் அடுக்கும் கிடங்கில் பாயைப் போட்டு, ஒற்றைச் சுவர் இடைவெளியில் அவள் உயிருக்குக் காவல் இருந்தாள்.

சாவியக்கா அந்த லாட்ஜுக்கு வந்தது கைக்குழந்தையோடு. கட்டியவன் வேலை தேடிப் போகிறேன் என்று போனான். போன இடத்தில் வேலையும் அகப்பட்டது, வேறொரு பெண்டாட்டியும் அகப்பட்டது. அங்கேயே தங்கிவிட்டான். வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் அறை பெருக்கும் வேலை கேட்டு வந்தவளுக்கு, சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறையைக் கொடுத்தார் முதலாளி. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் அறை. குனிந்தே பழகிக்கொண்டாள். தொட்டிலில் கிடந்த மகள் அந்த அறையிலேயே தவழ்ந்து, நடந்து, பெரியவளாகி, கல்யாணமாகிப் போனாள். பெருக்க வந்தவள் கைக்குச் சாவிக்கொத்து வந்தது. பெயரும் கூடவே வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் போனது.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஆள் இருக்கும் அறையின் சாவி ஆளிடம். காலி அறையின் சாவி அவள் இடுப்பில். நடந்து வரும்போது கொத்து போடும் சத்தத்தை வைத்தே எத்தனை அறை காலி என்று முதலாளி சொல்லிவிடுவார். அதிலும் ஏழாம் நம்பர் சாவியில் தொங்கும் பித்தளை எண் வில்லை விரிசல் விட்டது. மற்றதெல்லாம் கலகலவென்று ஒலிக்கும்போது அது மட்டும் தொண்டை கட்டியவன் போலக் கரகரக்கும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எப்போதோ ஒரு பயணி அறையிலேயே இறந்து கிடந்தான். யாருக்குச் சொல்வது என்று யாருக்குமே தெரியவில்லை. அனாதைப் பிணமாய்ப் போனான். அன்றிலிருந்து யார் வந்து தங்கினாலும் சாவியைக் கொடுக்கும்போது அவள் கேட்பாள்: "ஏதாச்சும் ஒண்ணுன்னா யாருக்குச் சொல்லணும்?"

நோய் வந்தது. பஸ் நின்றது, ரயில் நின்றது, பயணிகள் வருவதும் நின்றது. இடுப்பில் கொத்து என்றுமில்லாத கனம் கனத்தது. லாட்ஜை இழுத்து மூட வேண்டியதுதான் என்று முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில்தான், தெருவில் கிடப்பவர்களுக்குத் தங்க இடம் கொடுக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியது. படுக்கைக்கு இவ்வளவு என்று நாளுக்கு நாள் கணக்கு. பிச்சைக்காரன் படியில் நிழலுக்கு ஒதுங்கினால்கூட வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றியவர் முதலாளி. அதே படியில் நின்று, அதே ஆட்களை, "வாங்க, வாங்க" என்று கைகூப்பி வரவேற்றார். காசு படுத்தும் பாடு.

அந்தக் கூட்டத்தில் ஒரு பழைய கைப்பையோடு கடைசியாக வந்தவள்தான் ரேடியோ. வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். ஆனால் சாவியக்கா தன் வழக்கமான கேள்வியைக் கேட்டதும் அந்த வாய் பூட்டிக்கொண்டது.

"யாருமில்ல."

"கூடப் பொறந்தவங்க? பிள்ளைங்க?"

"யாருமில்லன்னா யாருமில்ல. சாவியக் குடுக்கா."

"நீ எனக்கு மூத்தவ. நான்தான் உன்ன அக்கான்னு கூப்பிடணும்."

"நல்லது. ரெண்டு பேரும் ஒருத்திய ஒருத்தி அக்கான்னு கூப்பிட்டா இந்த வீட்டுல தங்கச்சியே கிடையாது போ!"

வீடு என்றாள். லாட்ஜை யாரும் அப்படிச் சொல்லிச் சாவியக்கா கேட்டதில்லை. ஏழாம் நம்பர் பூட்டைத் திறக்கத் தெரியாமல் அவள் திண்டாடியதும், சாவியை இழுத்துப் பிடித்துத் திருக வேண்டும் என்று இவள் கையைப் பிடித்துக் காட்டியதும், உள்ளே போன ரேடியோ கட்டிலில் உட்காராமல் வெறுமனே கதவைச் சாத்துவதும் திறப்பதுமாக நின்றதும் சாவியக்காவுக்கு மறக்கவே இல்லை. "உள்ளேருந்து தாழ்ப்பா போட்டு எவ்வளவு காலமாச்சு தெரியுமா?" என்றாள்.

காய்ச்சல் விட்டது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் சாவியக்காவின் மனதை ஒரே ஒரு எண்ணம் அரித்தது. உயிரைத் திருப்பிக் கொடுத்தவளுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? அவளிடம் இருந்தது ஒரு போன்தான். சாயங்காலம் ஆனதும் அதை முன்கூடத்து மேசையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, தங்கியிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தங்கள் மனிதர்களோடு பேசவைத்தாள். பெயின்டர் தம்பியோடு பேசி அழுதார். இன்னொருவன் தன் அம்மாவிடம் திட்டு வாங்கிவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தான். ரேடியோ மட்டும் கிட்டேயே வரமாட்டாள்.

சாவியக்கா விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, நச்சரித்து, கெஞ்சி, கடைசியில் ஒரு நம்பரைக் கறந்தாள். மகளின் நம்பர்.

"அம்மா?" என்றது போன். "அம்மா, நீயா? உயிரோட இருக்கியாம்மா? எங்க இருக்க? வந்துடும்மா. எப்படியாச்சும் வந்துடு..."

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல். "யாருடி அது?"

போன் செத்தது.

முன்கூடமே கைதட்டியது. மகள் கிடைத்துவிட்டாள் என்று எல்லோருக்கும் ஆனந்தம். ரேடியோ மட்டும் பேயறைந்தவளாக எழுந்து கிடங்குக்குள் போனாள். பின்னாலேயே போன சாவியக்காவிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"அந்த வீட்டுல நான் ஒரு வாய் சோறு தின்னா அவளுக்கு ஓர் அடி விழும். மருமவன் கை அப்படி. நான் இல்லாட்டி அவ பொழச்சுக்குவான்னு சொல்லாம கொள்ளாம வந்துட்டேன். செத்துட்டேன்னு நினைச்சு அழுது முடிச்சிருப்பா. நீ மறுபடியும் பொறக்க வெச்சுட்ட."

"ஐயோ, எனக்குத் தெரியாதேக்கா!"

"தெரியாமத்தான் செஞ்ச. ஆனா எனக்குப் பொண்ணு இருக்குன்னு வெளிய ஒருத்தருக்கும் நீ சொல்லக் கூடாது. ஆபீசுல எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். யாருமில்ல. அங்க மட்டும் என்னத் திருப்பி அனுப்பிடாதீங்க."

"எம் பொண்ணு மேல சத்தியம்க்கா. சொல்லமாட்டேன்" என்று உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தாள் சாவியக்கா.

சாவியக்காவின் அந்த மகளே சில வாரத்தில் பெட்டியோடு வந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு வேலை போய், வாடகை நின்று, வீட்டுச் சொந்தக்காரன் சாமானைத் தூக்கி வெளியே வைத்துவிட்டான். மாப்பிள்ளை நண்பர்கள் அறையில் ஒண்டிக்கொள்ள, நிறைமாத வயிற்றோடு இவள் தாயிடம் வந்துவிட்டாள். மறுபடியும் படிக்கட்டுக்குக் கீழே இரண்டு பேர். ரேடியோ தன் தலையணையைக் கொண்டுவந்து அவள் முதுகுக்குக் கொடுத்தாள். "பேரப்பிள்ள பொறந்ததும் மொதல் செய்தி நான்தான் வாசிப்பேன்" என்றாள்.

பிறகுதான் மாஸ்க் சார் வந்தார்.

லாட்ஜை மேற்பார்க்கும் ஆபீசர் அவர். முகத்தை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். நல்ல மனிதர் என்றே சாவியக்கா நினைத்திருந்தாள். சாயங்கால போன் பேச்சை ஒருமுறை பார்த்துவிட்டு, "அருமையான வேலை பண்றீங்கம்மா" என்று பாராட்டியவர். இப்போது முன்கூடத்து மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"நோய் குறைஞ்சிடுச்சுன்னு மேல பணத்தைப் பாதியாக்கிட்டாங்கம்மா. இனி பாதி ரூமுக்குத்தான் வரும். மீதிய பூட்டிடணும்."

"அந்த ரூம்ல இருக்கறவங்க, சார்?"

"குடும்பம் இருக்கறவங்கள குடும்பத்தோட சேர்த்துடுவோம். அதுக்குன்னே புதுசாத் திட்டம் வந்திருக்கு. சேர்த்துக்கற வீட்டுக்கு உதவித்தொகைகூட உண்டு. யாராருக்கு ஆள் இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். தினம் போன் போட்டுக் குடுத்தீங்களே?"

யாரும் செத்தால் அனாதையாகக் கூடாது என்று கேட்ட கேள்வி. யாரும் தனியாக அழக் கூடாது என்று வைத்த போன். அதையே கத்தியாக்கி அவள் கையில் கொடுத்து, நீயே அறு என்றார் அந்த மனிதர். அன்பாகத்தான் சொன்னார்.

பெயின்டருக்குத் தம்பி இருப்பதைச் சொன்னாள். அம்மா உள்ளவனைச் சொன்னாள். முன்கூடத்தில் எல்லோரும் கேட்க நடந்த பேச்சுதானே, மறைக்க என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பேனா எழுதிக்கொண்டே போனது. பிறகு நின்றது.

"இன்னும் ஒருத்தர் குறையுது. ஏழாம் நம்பர்?"

"அவங்களுக்கு யாருமில்ல சார்."

"நல்லா யோசிங்க."

"யாருமில்ல சார்."

அப்போது படிக்கட்டுக்குக் கீழேயிருந்து ஒரு முனகல் கேட்டது. மகள் புரண்டு படுத்திருக்கிறாள். மாஸ்க் சாரின் கண் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது.

"அங்க யாரு?"

"எம் பொண்ணு சார். மாசமா இருக்கா."

"வேலைக்காரங்க ரூம்ல குடும்பம் தங்கக் கூடாதேம்மா. தணிக்கைக்கு ஆள் வந்தா முதல்ல இதத்தான் பிடிப்பான்." கொஞ்சம் யோசித்தார். "சரி, நான் பார்க்கல. நான் எதையும் பார்க்கல. நீங்களும் எனக்கு ஓர் உதவி பண்ணுங்க. ஏழாம் நம்பர்?"

கதவிடுக்கில் மகளின் வீங்கிய பாதங்கள் தெரிந்தன. சாவியக்கா அந்தப் பாதங்களையே பார்த்தாள். எந்தப் பிள்ளை மேல் சத்தியம் செய்தாளோ அந்தப் பிள்ளையின் பாதங்கள். உதட்டைக் கடித்தாள். கடித்த உதடு அவளையும் மீறித் திறந்தது.

"பொண்ணு இருக்கு சார்."

மறுநாள் காலையில் லாட்ஜ் வாசல் கல்யாண வீடு போல இருந்தது. போகிறவர்களுக்கு ஆளுக்கொரு போர்வை, ஒரு ரொட்டிப் பொட்டலம், பஸ் டிக்கெட். போட்டோ பிடிக்க ஓர் ஆள். "சிரிங்க, சிரிங்க" என்றான். முதலாளி கைதட்டினார். ரேடியோவின் கையில் மகள் வீட்டு முகவரி எழுதிய சீட்டைக் கொடுத்து, "மீண்டும் குடும்பத்துடன்!" என்றார் மாஸ்க் சார். பார்க்கிறவர்களுக்கு அவள் சிரிப்பதாகவே தெரிந்தது.

அவள் ஏழாம் நம்பர் சாவியைச் சாவியக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். சத்தியம் அடித்துக் கொடுத்த அதே உள்ளங்கை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் செய்திக் குரலில், மெதுவாகச் சொன்னாள்:

"இத்துடன் செய்திகள் முடிவடைந்தன."

சாவியக்கா ஏழாம் நம்பர் அறையைப் பூட்டினாள். சாவி கொத்தில் ஏறியது. நடக்கும்போதெல்லாம் கரகரத்தது.

பேரன் பிறந்தான். படிக்கட்டுக்குக் கீழே மூன்று பேர். மாஸ்க் சார் சொன்ன சொல் தவறாமல் எதையும் பார்க்கவில்லை. புதிதாக ஒரு போஸ்டர் மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். முன்கூடத்துச் சுவரில் ஒட்டச் சொல்லி உத்தரவு. போர்வையைக் கட்டிக்கொண்டு ரேடியோ சிரிக்கும் போட்டோ. கீழே பெரிய எழுத்தில், மீண்டும் குடும்பத்துடன். பசை தடவி ஒட்டியது சாவியக்காதான். முகம் சுருங்கிவிடக் கூடாதே என்று விரலால் நீவி விட்டாள்.

வெயில் சாயும் நேரம். போன் வைத்துப் பேசிய அதே நேரம். ஆனால் இப்போது யாரும் முன்கூடத்துக்கு வருவதில்லை. சாவியக்கா பக்கத்தில் வந்தாலே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். யாருக்கு யார் இருக்கிறார்கள் என்று அவளிடம் சொல்ல இனி யாருக்குப் பைத்தியம்?

வாசல் கதவில் டங் டங் என்று தட்டும் சத்தம்.

சாவியக்காவுக்கு அந்தத் தட்டு தெரியும். கதவை ஒரு பக்கம் மட்டும் திறந்தாள்.

போஸ்டரில் இருந்தவள்தான். ஆனால் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. தோளில் அந்தக் கைப்பை. கையில் டம்ளர். போர்வையைக் காணோம்.

"கிட்ட வரல, பயப்படாத" என்று இரண்டு படி இறங்கி நின்றுகொண்டாள். "பஸ்ல வந்தேன். பஸ்ல நாலு பேர் இருமினாங்க."

"அக்கா... என்னாச்சுக்கா?"

"உதவித்தொகை கைக்கு வர்ற வரைக்கும் மருமவன் அத்தை அத்தைன்னு தாங்கினான். வந்தது, குடிச்சு முடிச்சான், என்ன வெளிய தள்ளினான். நடுவுல விழுந்தா எம் பொண்ணு. கை ஒடிஞ்சு போச்சு." அவள் ஒற்றைக் கண்ணில் நீர் இல்லை. "நான் அங்க இருந்தா இன்னொரு கையும் போயிடும். அதான் கிளம்பிட்டேன். சாவி, எனக்கு மகாராணி மாதிரி எதுவும் வேணாம். ஏழு காலியாத்தானே இருக்கும்?"

சாவியக்கா போனை எடுத்து மாஸ்க் சாருக்கு அடித்தாள். ஸ்பீக்கர் போடும் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. அவர் குரல் வாசல் வரை கேட்டது.

"அவங்க வீடு சேர்ந்தவங்கம்மா. போஸ்டர்லயே இருக்காங்க! அவங்கள மறுபடியும் வீடில்லாதவங்கன்னு எப்படிச் சேர்க்கறது? திட்டமே தோத்துப் போச்சுன்னு ஆயிடும். பணம் மொத்தமா நின்னுடும். பார்த்துக்கங்க. உங்க பேரன் நல்லாருக்கானா?"

உள்ளே குழந்தை வீறிட்டது. சாவியக்கா போனை அணைத்தாள்.

"கேட்டுச்சுல்லக்கா? நான் என்ன பண்ணுவேன்?"

"கிடங்குல? துணியோட துணியா? ஒரே ஒரு நாள்."

பச்சைப்பிள்ளை. நாலு பேர் இருமிய பஸ். மாஸ்க் சாரின் பார்க்காத கண். நிமிர முடியாத ஓர் அறை.

"இடமில்லக்கா" என்றாள் சாவியக்கா. "ஏழுலயும் ஆள் வந்துட்டாங்க."

சொல்லிக்கொண்டே கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தாள். இடுப்பில் கொத்து ஆடியது. கலகலவென்ற சத்தத்துக்கு நடுவே, தொண்டை கட்டியவன் குரல் போல, ஒரே ஒரு வில்லை கரகரத்தது.

ஆள் இருக்கும் அறையின் சாவி ஆளிடம். காலி அறையின் சாவி இவள் இடுப்பில்.

சாவியக்கா கொத்தை இறுகப் பொத்தினாள். காலம் கடந்துவிட்டது. ரேடியோ அவள் இடுப்பைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பிள்ள அழுவுதே, பேரனா?"

தலையை மட்டும் ஆட்டினாள் சாவியக்கா.

"மொதல் செய்தி நான் வாசிக்கணும்னு இருந்தேன்" என்றாள் ரேடியோ. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "அன்னிக்கு உம் பொண்ணு மேல ஒரு சத்தியம் பண்ணின இல்ல? அதை நான் திருப்பி வாங்கிட்டேன். அவளுக்கும் பிள்ளைக்கும் ஒண்ணும் வராது. நீ அதை நினைச்சுப் பயந்துக்கிட்டே கிடக்காத."

கொத்தைப் பொத்திய கையைச் சாவியக்கா எடுக்கவில்லை.

"உள்ள போ. காத்து அடிக்குது, பச்சப்பிள்ளைக்கு ஆகாது. கதவச் சாத்து."

ரேடியோ கடைசிப் படியையும் இறங்கித் தெருவுக்குப் போனாள். முன்பு படுத்துக் கிடந்த பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தாள். சாவியக்கா ஒரு கையால் சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைச் சாத்தினாள்.